சலவைக்கூடத்துச் சிரிப்பு

அந்தச் சலவைக்கூடத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் சீருடையை மாட்டும்போது திறக்கிற வாயை மாலையில் கை கழுவும்போதுதான் மூடுவான். உருளைகளின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரல் அங்கே அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன் லீவு போட்டால் பொழுதே நகர்வதில்லை என்று மடிப்பு வரிசைப் பெண்கள் சொல்வார்கள். ஃபோர்மனும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்: “ரேடியோ வராத அன்னிக்கு வேலை சுணங்குது.”

அது வீட்டுத் துணி வெளுக்கிற இடமல்ல. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் விரிப்பும் உறையும் துண்டுமாக லாரி லாரியாய் வந்து இறங்கும். பின்கட்டில் ஓர் அறையில் அழுக்கு மூட்டைகளைப் பிரிப்பார்கள். பிறகு துவைப்பு. அதைத் தாண்டினால் நடுக்கூடம். அங்கேதான் பெரிய தேய்ப்பு மெஷின் நின்றது; ஆளுயரத்துக்கு, ஒரு லாரி நீளத்துக்கு, நீராவி ஏறிய இரும்பு உருளைகள். ஒரு பக்கம் இரண்டு பெண்கள் நின்று ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். மறுபக்கம் அது சுருக்கம் நீங்கிக் காகிதம் போல வெளியே வரும். வருவதை வாங்கி மடித்து அடுக்குவது ரேடியோவின் வேலை. கொடுக்கிற பக்கத்தில் நடப்பது அவன் கண்ணில் படாது. நடுவில் மெஷின் மறைத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கத்தில் உருளைக்குச் சற்று முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதைத் தாண்டிப் போனால் கம்பி அசையும். அசைந்தால் மெஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விரிப்பின் ஓரம் சுருண்டு பட்டாலும் அது அசைந்து தொலைக்கும். நின்றால் ஃபோர்மன் சாவியோடு வந்து திரும்ப ஓடவிட வேண்டும். அவர் வருவதற்குள் உருளையில் அகப்பட்ட துணி பழுப்பேறிவிடும். அதனால் கம்பியைப் பழைய நாடாவால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கட்டச் சொல்லி யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கட்டக் கூடாது என்று சுவரில் சிவப்பெழுத்தில் எழுதியே இருந்தது. அந்த எழுத்துக்குக் கீழேயிருந்த ஆணியில்தான் நாடாக்கள் தொங்கும்.

ரேடியோ வேலைக்கு வந்த புதிதில் இரைச்சல் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். உடனே அவனுக்குப் பஞ்சு என்று பெயர் விழுந்தது. யாராவது எதிரே வந்து சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். என்னவோ அவசரம் என்று பதறிப் பஞ்சை எடுத்தால் வரிசை முழுக்கச் சிரிக்கும். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறான். பிறகு ஒரு நாள் இன்னொருவன் துவைத்த துணி வண்டியைச் சேற்றில் கவிழ்த்தான். பஞ்சு ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். கூடம் குலுங்கியது. என்ன சொன்னான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. அன்றோடு பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டான். சிரிப்புக்கு முன்னால் நிற்கக் கூடாது, அதன் பின்னால் நின்று தள்ள வேண்டும் என்று புரிந்துபோயிற்று. வலது காது பாதி மந்தமானது பிற்பாடுதான் தெரிந்தது. அதையும் தமாஷாக்கினான்: “என் பொண்டாட்டி இந்தப் பக்கம்தான் படுக்கறா, எனக்கு நிம்மதி.”

‘இடைவேளை’ அவன் கண்டுபிடிப்பு. கம்பி அசைந்து மெஷின் நின்றதும், தியேட்டரில் விளக்குப் போட்ட மாதிரி, இரண்டு கையையும் வாயில் குவித்து “இடைவேளை!” என்று கத்துவான். “முறுக்கு, சோடா, கலர்” என்று யாராவது கூடச் சேர்ந்துகொள்வார்கள். முதலில் அவன் மட்டும் கத்தினான். அப்புறம் துவைப்புப் பக்கம், லாரி ஏற்றுகிற பக்கம் எல்லாம் கத்த ஆரம்பித்தது. மெஷினை நிறுத்திய பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அடுத்த தடவை அவள் நிறுத்தமாட்டாள்.

வீட்டுக்கும் அந்த வார்த்தை வந்து சேர்ந்தது. தையல் மெஷினில் குனிந்திருக்கும் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், மகள் பாடப்புத்தகத்துக்கு மேலே தலையை நீட்டி “இடைவேளை!” என்பாள்.

“அப்பனும் பொண்ணும் நல்லா சேர்ந்தீங்க” என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் கொடுக்கிற பக்கத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கும். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள். கடையை மூடியதும் இங்கே வந்திருந்தாள். பதறாத ஆள். விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி, நேராக்கி, அப்புறம்தான் உள்ளே விடுவாள். முதல் நாள் அவள் கம்பியைக் கட்டவில்லை. சுவரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கு மெஷின் நின்று நின்று ஓடியது. கூடத்தில் திருவிழாதான். மாலைக்குள் அவள் பெயரே ‘இடைவேளை’ ஆகிவிட்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கை கழுவுகிற தொட்டியருகே அவனிடமே வந்து கேட்டாள்.

“ஏண்ணே, அந்தக் கம்பியைக் கட்டாம வேலை பார்க்க முடியாதா?”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சோப்பு நுரையோடு கையை நிறுத்தி எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“பார்க்கலாமே, தாராளமா பார்க்கலாம்” என்றான் ரேடியோ. “இந்த விரிப்பு உன் பேத்திக்குப் பேத்தி பிறந்து அவ படுக்கறதுக்குள்ள காஞ்சுடும்.”

தொட்டியே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக, சுற்றிப் பார்த்துவிட்டு. மறுநாள் காலை ஆணியிலிருந்து ஒரு நாடாவை எடுத்துத் தானே கட்டினாள். அதற்குப் பிறகு மெஷின் நிற்கவில்லை. பெயர் மட்டும் அவளோடு நிலைத்து நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள். ஆஸ்பத்திரி அங்கிகள் வந்திருந்தன, முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி. ஈரத்தில் அந்த நாடாக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம். ரேடியோ தன் பக்கத்தில் ஓர் அங்கி வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வந்தது. அப்படியே நின்றது. உருளையின் உறுமல் அடங்கியது.

அவன் கையைக் குவித்தான். “இடைவேளை!”

பல நாளாகக் கிடைக்காத வாய்ப்பு. கூடமே வாங்கிக்கொண்டது. துவைப்புப் பக்கத்திலிருந்து “இடைவேளை!” லாரிப் பக்கத்திலிருந்து “இடைவேளை!” யாரோ வண்டியைத் தட்டித் தாளம் போட்டார்கள். “சோடா, கலர்!” என்றது ஒரு குரல். அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அவனுடைய பாதிக் காதுக்கு அது நீராவி சீறுவது போலத்தான் கேட்டது. தாளம் ஒவ்வொன்றாக நின்று, கடைசி ஆளும் வாயை மூடிய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது.

மெஷினைச் சுற்றிக்கொண்டு ஓடினான். கூட நின்ற பெண் மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அழுத்தியபடியே உறைந்திருந்தாள். மற்றவள் மெஷினோடு ஒட்டி நின்றாள். அங்கியின் நாடா அவள் விரலைச் சுற்றியிருந்தது. கை மணிக்கட்டுவரை உருளைக்கு அடியில் இருந்தது. உருளையைத் தூக்க ஃபோர்மன் சாவியோடு ஓடி வந்தார். அவசரத்தில் சாவி கீழே விழுந்தது. ரேடியோ அவளைத் தோளோடு தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் சட்டையைக் கடித்தாள். தோலும் நீராவியும் சேர்ந்த அந்த வாடை அவன் மூக்கை விட்டுப் போகப் பல மாதம் ஆயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். மனைவியும் கூட வந்தாள். விசாரணை ஜன்னலில் இருந்த பெண், “பேஷண்ட் பேரு?” என்றாள்.

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

“பேரு சொல்லுங்க சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

“கை... மெஷின்ல மாட்டின அம்மா. நேத்து வந்தாங்க.”

“நீங்க சொந்தமா?”

“கூட வேலை பார்க்கறவன்.”

“கூட வேலை பார்க்கறவங்க பேரு தெரியாதா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் மாடியைக் காட்டினாள். மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனான். ரேடியோ வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனைவிதான், “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாள்.

“இல்லாத கை வலிக்குது” என்றாள் அவள். பிறகு அவனைப் பார்த்தாள். “நேத்து முதல்ல கத்தினது யாருண்ணே?”

“நான்தான்.”

அவள் தலையை ஆட்டினாள், தெரிந்த விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்வது போல.

“நான் கண்ணை மூடிட்டு இருந்தேன். மெஷின் நின்னுடுச்சுன்னு அந்தச் சத்தத்தை வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி இருமினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். “இனிமே பார்க்க வராதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தாள். துணியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் பழக்கத்தில் தலையை நீட்டி அந்த வார்த்தையைச் சொன்னாள். ரேடியோ மகளை அதுவரை அடித்ததில்லை. அன்று கை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. குழந்தை பயந்து சுவரோடு ஒண்டிக்கொண்டது.

“அவளை ஏன்?” என்றாள் மனைவி. “அவ எங்க கத்துக்கிட்டா?”

ஒரு வாரம் கழித்து மேனேஜர் விசாரணை வைத்தார். கண்ணாடி அறை, நீளமான மேஜை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கம்பியைக் கட்டச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. யாரும் சொல்லவில்லை என்றார்கள் எல்லாரும். அது உண்மையும்கூட.

ரேடியோவின் முறை வந்தது. “நான்தான் சார் காரணம்” என்றான்.

மேனேஜர் பேனாவைக் கையிலெடுத்தார். “நீ கட்டச் சொன்னியா?”

“இல்ல சார்.”

“நீ கட்டினியா?”

“இல்ல சார். அவங்களே கட்டினாங்க. நான் சிரிச்சேன் சார். கட்டாதப்ப சிரிச்சேன். எல்லாரையும் சிரிக்க வச்சேன்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்டவர் அல்ல, நிஜமாகவே குழம்பிப்போனார். “சிரிச்சேன்னு எப்படிப்பா எழுதறது? சிரிக்கறது குத்தமா? நீ இருக்கறதாலதான் அந்தக் கூடம் குடும்பம் மாதிரி இருக்கு. மனசைப் போட்டு உழப்பிக்காத. போ.”

“ஏதாவது பண்ணுங்க சார். சம்பளத்துல பிடிங்க. வேலையை விட்டு நிறுத்துங்க.”

“போப்பா” என்றார் மேனேஜர். விதியை மீறியது அவளேதான் என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்தார். டீ, பிஸ்கட், ஒலிபெருக்கி. ‘பாதுகாப்பே நம் கலாச்சாரம்’ என்று பெரிய பேனர். சுவரில் மாட்டுவதுதான் கலாச்சாரம் என்று நினைக்கக் கூடாது, நம் மனசில் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா நன்றாகத்தான் பேசினார். “உங்க இடத்தைப் பத்தி ஒரு வார்த்தையில சொல்லுங்க பார்க்கலாம்” என்று கேட்டார். “குடும்பம்” என்றார்கள் ஆளுக்கு ஆள். ரேடியோவின் பக்கம் ஒலிவாங்கி வந்தபோது அவன் அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டான்.

ஆணியில் தொங்கிய நாடாக்கள் கொஞ்ச காலம் காணாமல் போயின. பண்டிகைக் கூட்டம் வந்து ஹோட்டல்கள் நிரம்பின. மூட்டைகள் குவிந்தன. ஒரு காலை, கம்பியில் மெல்லிசாக ஒரு நாடா. அடுத்த நாள் இரண்டு. ரேடியோ வீட்டிலிருந்து மனைவியின் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வேலை தொடங்குமுன் வெட்டிப் போட்டான். மதியம் திரும்பக் கட்டியிருந்தார்கள். திரும்ப வெட்டினான்.

முதலில் சண்டைக்கு வந்தது கொடுக்கிற பெண்கள்தான்.

“உனக்கென்ன, அந்தப் பக்கம் நின்னு மடிக்கற. மெஷின் நின்னா, மிச்ச வேலை முடியறவரைக்கும் எங்களைத்தானே பிடிச்சு வைக்கறாங்க? வீட்டுல குழந்தைக்கு நீயா வந்து சோறு போடுவ?”

“கை போனா?”

“கை போனவளுக்கு வாய்க்கு வாய் பேரு வச்சது யாரு? பேச வந்துட்டாரு.”

அவன் கத்தரிக்கோலை விடவில்லை. பேச்சு அவனிடமிருந்து கழன்று போயிருந்தது. “ரேடியோ ரிப்பேரா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். காதைத் திருகுவது போல் நடித்தார்கள். அவன் சும்மா இருந்தான். கூடம் சில நாள் மந்தமாகத்தான் ஓடியது. பிறகு துணி வண்டி தள்ளுகிறவன் ஒரு காலை, கத்தரிக்கோலோடு போகும் அவனைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கி, கைகட்டிப் பணிவாக அறிவித்தான்:

“எல்லாரும் எந்திரிங்க! சென்சார் ஆபீசர் வந்துட்டாரு!”

கூடம் வெடித்துச் சிரித்தது. பழைய சிரிப்பு, அதே கனம். நல்ல தமாஷ் அது. சொன்ன நேரம், கைகட்டிய தினுசு எல்லாமே கச்சிதம். முன்பிருந்த ரேடியோவே சொல்லியிருப்பான். தன் உதட்டோரமும் ஒரு கணம் துடித்ததை அவன் உணர்ந்தான். அதுதான் அவனை எல்லாவற்றையும்விட மிரட்டியது. அன்றிலிருந்து அவன் பெயர் சென்சார். கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் “வெட்டு! வெட்டு!” என்று தாளம் எழும். கம்பியைக் கட்டத் தயங்கிய ஒன்றிரண்டு பெண்களும், சென்சார் கட்சி என்று பெயர் வந்துவிடும் என்று பயந்து, மற்றவர்களுக்கு முன்னால் கட்டினார்கள்.

ஃபோர்மன் அவனைத் தனியே கூப்பிட்டார். “கூடத்துல மனஸ்தாபம் வேணாம். கொஞ்ச நாள் பின்கட்டுக்குப் போ” என்றார். பின்கட்டு என்றால் அழுக்கு மூட்டைகள் பிரிக்கிற அறை. ரத்தமும் மலமும் மருந்துமாக வருகிற துணியை நிறம் பார்த்து, ரகம் பார்த்து ஒதுக்க வேண்டும். துணி வாரி வெளியே தள்ளுகிற துளை ஒன்று. காற்றுப் போக்கி ஒன்று. மேலே ஒரு குழல்விளக்கு. அங்கே பேச ஆள் கிடையாது. அவனுக்குப் பிறகு அந்தக் கம்பியின் நாடாவை யாரும் வெட்டவில்லை.

“விட்டுட்டு வந்துடுங்க” என்றாள் மனைவி. “எங்கயாவது கடையில நில்லுங்க.”

வேறு இடங்களில் கேட்டும் பார்த்தான். பாதிக் காதுக்காரனை யாரும் எடுக்கவில்லை. அதைவிட, போன இடத்திலெல்லாம் உள்ளேயிருந்து யாரையோ யாரோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுந்தது. வாசலோடு திரும்பிவிட்டான்.

அடுத்த கோடையில் கம்பெனி அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டது. வாசல் கூண்டில் ஒரு நாற்காலி. உள்ளே வருகிறவர்களைக் கவனித்து இடது கையால் குறித்துக்கொள்கிற வேலை. கையில்லாத சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தாள். ரேடியோ முதலில் லாரி வருகிற வழியாகச் சுற்றிப் போனான். அங்கே கேட்டை அடைத்த பிறகு வேறு வழியில்லாமல் வாசல் வழியே போனான். தலையைக் குனிந்துகொண்டு கூண்டைத் தாண்டுவான். அவளும் எதுவும் கேட்கமாட்டாள்.

ஒரு மதியம் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆட்கள் இடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களைக் கூண்டருகே நிறுத்தி அவளைக் காட்டினார். ரேடியோ காலி மூட்டைப் பைகளோடு அந்தப் பக்கம் வந்தவன், வழியில்லாமல் நின்றான்.

“இவங்களுக்கு ஒரு விபத்து ஆச்சு. வேற இடமா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றார் மேனேஜர், மனசு இளகி. “நம்ம கலாச்சாரமே அதுதான் சார். நாங்க யாரையும் கைவிட்டதே இல்ல.”

வந்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். மேனேஜருக்குத் தான் சொன்னது உறைக்கவில்லை. அவள் மடித்த சட்டைக்கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தாள். அவனுக்கும் அந்தச் சொல் காதில் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் கூடத்தை உருட்டியிருப்பான். அவன் பார்வையைத் தாழ்த்தினான். அவர்கள் உள்ளே போகும்வரை இருவரும் அசையவில்லை.

“அண்ணே” என்றாள் அவள்.

திரும்பினான்.

“இந்த மூடி இறுகிப்போச்சு.” மேஜையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளினாள். “ஒத்தைக் கையில வரமாட்டேங்குது.”

அவன் பைகளைக் கீழே போட்டான். கையைச் சட்டையில் துடைத்தான். அழுக்கு அறைக் கை என்பது நினைவுக்கு வர, குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தான். மூடியைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினான். அவள் பாத்திரத்தை முழங்கையால் அணைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். இன்னும் பழகவில்லை, பருக்கைகள் மேஜையில் சிந்தின.

மறுநாளும் அந்த நேரத்துக்குக் கை கழுவிக்கொண்டு வந்தான். அவள் பாத்திரத்தை நகர்த்தினாள். அவன் திறந்து கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.